கடைப்பையும் நகரசபையின் உரிமையும்

பை என்பது கொள்கலன் ஆகுமா, ஆகாதா? இலக்கண வகுப்பில் மாணாக்கர் பொழுதுபோக்காக எழுப்பத்தக்க இவ்வினாவை, அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த டெக்ஸாஸ் இராஜ்யத்தின் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் 2018-ஆம் ஆண்டில் ஆழ்ந்து ஆராயவேண்டியவராயினர். ஆராய்ந்து, ‘ஆகும்’ என்று அவர்கள் விடை பகர்ந்தமையால், ஒரு நகரம் தன் தெருக்களின் தூய்மை கருதி இயற்றிக்கொண்ட விதி செல்லாதொழிந்தது. அதனையொத்த பிற நகரங்களின் விதிகளும் உயிரற்றவாயின. ஒரு சொல்லின் பொருளிலே ஓர் ஊரின் உரிமை அடங்கிக் கிடந்தது. அவ்வுரிமையைக் குறித்தே ஈண்டுச் சில கூறப் புகுந்தேன்.

லரேடோ என்பது ரியோ கிராண்டே ஆற்றின் வடகரையிலே, மெக்ஸிகோ நாட்டின் எல்லையை ஒட்டி அமைந்ததொரு நகரம். கடைகளிற் பொருளுடன் இலவசமாய்க் கொடுக்கப்பெறும் மெல்லிய பைகள் சில நிமிடமே பயன்பட்டுப் பின்னர் வீதியிலும் ஓடையிலுஞ் சேர்ந்து, ஊரின் அழகைக் கெடுத்து, மழைநீர் வழிகளை அடைக்கின்றன என்பது அந்நகர சபையார் கொண்ட குறை. ஆதலின், ஒருமுறையே பயன்படும் பிளாஸ்டிக் பைகளையுங் காகிதப் பைகளையும் வணிகர் வழங்கலாகாது என்று 2014-ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு விதி செய்தனர். 2015 ஏப்ரல் 30-ஆந் தேதி அவ்விதி நடைமுறைக்கு வந்தது. மீறுவார்க்கு 2,000 டாலர் வரையில் தண்டம் விதிக்கலாமென்றும் வகுத்தனர். அவ்வூர் வணிகர் சங்கத்தார் நீதிமன்றத்தை நாடினர். முதலில் விசாரித்த மன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. மேல்முறையீட்டு மன்றம் 2016-இல் வணிகரின் பக்கம் சாய்ந்தது. ஈற்றில் 2018 ஜூன் 22-ஆந் தேதி சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் அனைவரும் ஒருமுகமாக வணிகர் சார்பிலேயே தீர்ப்பளித்தனர்.

அத்தீர்ப்புக்கு அடிப்படையாய் நின்றது, அவ்விராஜ்யத்துச் சட்டசபை 1993-ஆம் ஆண்டில் இயற்றிய ஒரு சட்டப்பிரிவு. கழிவுப்பொருள்களை ஆளுதற்பொருட்டு, எந்தக் கொள்கலனின் விற்பனையையோ பொதியின் விற்பனையையோ, அவற்றின் பயனையோ, இராஜ்யச் சட்டம் அனுமதியாத முறையில் உள்ளூர் ஆட்சியார் தடுத்தலும் குறைத்தலும் ஆகா என்பது அதன் கருத்து. நகரத்தார் மூன்று விதமாக வாதாடினர். பை என்பது கொள்கலனுமன்று, பொதியுமன்று என்றனர். தாம் விதி செய்தது ஊரை அழகுபடுத்தற்கேயன்றிக் கழிவை ஆளுதற்கன்று என்றனர். தன்னாட்சி பெற்ற நகரமாதலின், தமக்குள்ள பொது அதிகாரமே சட்டத்தின் அனுமதியாகும் என்றனர். மூன்றையும் மன்றம் மறுத்தது. பொருளைக் கொள்வது எதுவோ அது கொள்கலனே. குப்பை உண்டாகாமல் தடுத்தலும் குப்பையை ஆளுதலின் ஒரு வகையே. அனுமதி என்பது வெளிப்படையாகக் கூறப்படல் வேண்டும், உய்த்துணரப்படுவதன்று என்பன தலைமை நீதிபதி நேதன் ஹெக்ட் எழுதிய தீர்ப்பின் சாரமாகும்.

இவ்வழக்கின் வரலாற்றைப் படித்தபொழுது, தொல்காப்பியத்து ஒரு சூத்திரத்திற்கு இளம்பூரணர் ஒரு பொருளும் நச்சினார்க்கினியர் மற்றொரு பொருளும் உரைப்ப, எதனைக் கொள்வதென்று தெளியாது நாம் வகுப்பறையில் மயங்கி நிற்கும் நிலையே என் நினைவுக்கு வந்தது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சூத்திரத்திற்கு எவ்வாறு பொருள் கொண்டாலும் எவர் வீட்டு வாயிலிலும் வெள்ளம் புகுவதில்லை. சட்டத்தின் சொல்லுக்கோ, கொள்ளும் பொருளின்படி ஊர் வாழும். அன்றேல் ஊர் வருந்தும்.

இங்கு ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுகின்றேன். நீதிபதிகளை நான் குறை கூறுகின்றேனல்லேன். பை கொள்கலன் அன்றென்பார் யாவர்? சொல்லின் நேர்பொருளை விட்டு, தமக்கு வேண்டிய பொருளை அதில் ஏற்றுதல் உரையாசிரியர்க்கு மட்டுமன்று, நீதிபதிகட்கும் இழுக்கேயாம். பைகளால் விளையுங் கேட்டை அம்மன்றம் அறியாமலும் இல்லை. அதே வழக்கில் தனியே கருத்துரை எழுதிய நீதிபதி இவா குஸ்மான் அம்மையார், எறியப்பட்ட பிளாஸ்டிக்கால் சுற்றுப்புறமும் கால்நடையும் பருத்தியும் அடையுங் கேடுகளை எடுத்துக் காட்டி, சட்டத்தை மாற்றவேண்டுவது சட்டசபையின் கடமையே என்று அவர்கள்பால் அதனை விடுத்தார். ஆகவே, பழி உளதாயின் அது சொல்லுக்குப் பொருள் கண்டவரைச் சாராது. அச்சொல்லை இயற்றி, அதன் பயனைக் கண்ட பின்னரும் மாற்றாதிருப்பவரையே சாரும்.

இனி, இராஜ்யத்துக்கும் நகரத்துக்கும் உள்ள தொடர்பு யாது என்பதைச் சிறிது நோக்குவோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியலமைப்பில் நகரம் என்ற பேச்சே இல்லை. மத்திய அரசாங்கமும் இராஜ்யங்களுமே அதில் கூறப்பெறுவன. எனவே நகரத்தின் அதிகாரம் எங்கிருந்து வருகின்றது என்பதிற் பண்டே கருத்து வேற்றுமை எழுந்தது. அயோவா இராஜ்யத்து நீதிபதி ஜான் டில்லன் என்பார், நகரங்கள் இராஜ்யத்தின் படைப்புக்களே; கொடுத்ததன்றி வேறு அதிகாரம் அவற்றுக்கில்லை என்று 1868-ஆம் ஆண்டிற் கூறினார். மிச்சிகன் இராஜ்யத்து நீதிபதி தாமஸ் கூலி என்பாரோ, 1871-ஆம் ஆண்டில் இதற்கு மாறாக, ஊரார் தம்மைத் தாமே ஆண்டுகொள்ளுதல் இயல்பாயமைந்த உரிமையென்றும், அதனை இராஜ்யம் பறித்தலாகாதென்றும் உரைத்தார். நாளடைவில் டில்லனின் கொள்கையே நிலைபெற்றது. 1907-இல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டும் இராஜ்யத்தின் மேலாண்மையை உறுதிப்படுத்தியது.

அக்கொள்கையின் கடுமையைத் தணிப்பதற்கென்றே ‘ஹோம் ரூல்’ என்னும் முறை தோன்றியது. இச்சொல் நம்மவர்க்குப் புதியதன்று. 1916-ஆம் ஆண்டில் அன்னி பெஸன்ட் அம்மையார் சென்னையிலிருந்து எழுப்பிய இயக்கத்தின் பெயரே அது. டெக்ஸாஸில் 1912 முதல், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரம் எதுவும் தன் ஆட்சிமுறையைத் தானே வகுத்துக்கொள்ளலாம். ஆயினும், அவ்வூர் விதி இராஜ்யத்தின் பொதுச் சட்டத்துக்கு மாறாக இருத்தல் கூடாது. இப்புறனடை ஒன்றினுள் தன்னாட்சி முழுவதும் அடங்கிப்போதலும் கூடும். விதி ஒன்று, புறனடை ஆயிரம் என்றால், மாணாக்கன் விதியை மறந்து புறனடையையே பாடம் பண்ணவேண்டியவனாகின்றான் அன்றோ?

லரேடோவுக்கு நேர்ந்தது லரேடோவோடு நின்றதில்லை. 1993-ஆம் ஆண்டுச் சட்டம், கடைப்பையைப் பற்றிய கிளர்ச்சி எழுமுன்னரே பிறந்தது. ஆனால், கடந்த சில ஆண்டுகளில் பிற இராஜ்யங்கள் இயற்றியவை பையையே கருத்திற் கொண்டு இயற்றப்பட்டவை. மிச்சிகன் இராஜ்யத்து வாஷ்டனா வட்டாரத்தார், கடையிற் கொடுக்கும் ஒவ்வொரு பைக்கும் பத்து சென்ட் பெறல் வேண்டும் என்று 2016-இல் விதித்தனர். அது நடைமுறைக்கு வருமுன்னரே, அவ்வாண்டு டிஸம்பரில் இராஜ்யம் ஒரு தடுப்புச் சட்டத்தால் அதனைச் செல்லாததாக்கியது. அரிஸோனா, விஸ்கான்ஸின், இண்டியானா, அயோவா, மிஸிஸிப்பி, டென்னஸி, ஓஹையோ முதலிய இராஜ்யங்களும் இத்தகைய சட்டங்களை இயற்றின. இவற்றிற் பலவற்றில் ‘துணைக் கொள்கலன்’ என்னும் ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வருகின்றது. பை, கோப்பை, புட்டி, அட்டைப் பெட்டி எல்லாம், அவை துணியாயினும் காகிதமாயினும் பிளாஸ்டிக்காயினும் கண்ணாடியாயினும், அதனுள் அடங்கும். லரேடோவின் வழக்கறிஞர் போல் ‘பை கொள்கலன் அன்று’ என்று வாதாட இனி எந்த ஊராருக்கும் இடமில்லாதபடி வலையின் கண்கள் நெருக்கிப் பின்னப்பட்டன. நீதிபதி கூலி ஊராரின் இயல்புரிமையை எடுத்துரைத்த மிச்சிகனிலேயே இவ்வலை விரிக்கப்பட்டதென்பது எண்ணத்தக்கது.

தடுப்புச் சட்டம் வேண்டும் என்பாரின் வாதங்களை நேர்மையாக எடுத்துரையாமல் அவரை மறுத்தல் அறமன்று. அவர் கூறுவன வருமாறு: ஒரு வணிகர்க்கு இருபது ஊர்களிற் கடைகள் உளவெனக் கொள்வோம். ஓரூரிற் பை கூடாது. அடுத்த ஊரிற் காகிதப் பை மட்டும் கூடும். அதற்கடுத்த ஊரில் ஐந்து சென்ட் தரவேண்டும். பின்னொன்றிற் பத்து சென்ட். இவ்வாறு எல்லைதோறும் விதி மாறுமாயின் வாணிகம் எங்ஙனம் நடைபெறும்? பையின் விலை செல்வர்க்குப் பொருட்டன்று. வறியவர்க்கோ அது ஒரு சுமையே. அன்றியும், பிளாஸ்டிக் பைக்கு மாற்றாய்க் கொள்ளப்படுவன எல்லாம் தூயனவுமல்ல. டென்மார்க்கு அரசாங்கத்தின் சுற்றுப்புறக் காப்பு நிலையம் 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, பருத்திப் பை ஒன்றை ஆக்குவதனால் விளையும் எல்லாவகைக் கேடுகளையும் கணக்கிட்டால், அதனை ஆயிரக்கணக்கான முறை பயன்படுத்தினாலன்றி மெல்லிய பிளாஸ்டிக் பையினும் அது சிறந்ததாகாது. ஆதலின் ஊர்தோறும் உணர்ச்சியால் விதி செய்ய விடாது, இராஜ்யம் முழுவதற்கும் ஒரே நெறி வகுத்தல் நன்று என்பர்.

இவ்வாதங்களில் உண்மை இல்லையென்று நான் சொல்லேன். வாணிகத்துக்கு ஒருமைப்பாடு வேண்டும். வறியவரைக் காக்க வேண்டும். துணிப்பையை வாங்கி வாங்கி மூலையிற் குவித்தல் தூய்மையாகாது. ஆனால், ஒருமைப்பாட்டை விரும்புவார் செய்யவேண்டுவது யாது? இராஜ்யம் முழுவதற்கும் ஒரு நல்ல விதியைத் தாமே இயற்றுதல் அன்றோ? காலிபோர்னியா இராஜ்யம் அவ்வாறே செய்தது. 2014-இல் அது பை விலக்குச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. 2016 நவம்பரில் அது பொதுமக்களின் வாக்குக்கு விடப்பட, மக்களும் அதனை ஏற்றனர். அச்சட்டமும் இனி ஊர்கள் புதுவிதி செய்தலைத் தடுத்ததுதான். ஆயினும் அத்தடையை நான் குறை கூறேன். ஏனெனின் ஊரார் சுமந்த பாரத்தை இராஜ்யம் தன் தோள்மேல் ஏற்றுக்கொண்ட பின்னரே, ‘இனி நீங்கள் சுமக்கவேண்டுவதில்லை’ என்று கூறிற்று.

இதனொடு புளோரிடாவின் செய்கையை ஒப்பிட்டு நோக்குக. 2008-ஆம் ஆண்டில் அவ்விராஜ்யத்துச் சட்டசபை, பைகளைப் பற்றிய ஆராய்ச்சியொன்றைச் செய்து அறிக்கை தருமாறு தன் சுற்றுப்புறக் காப்பு இலாகாவைப் பணித்தது; அவ்வறிக்கையின்மேல் தான் முடிவு செய்யும்வரையில் எந்த ஊரும் பையைப் பற்றி விதி செய்யலாகாதென்றும் கட்டளையிட்டது. அறிக்கை 2010-இல் வந்தது. முடிவோ வரவில்லை. ‘சிறிது பொறு’ என்ற சொல் ‘என்றும் பொறு’ என்பதாய் முடிந்தது. உணவுக்குப் பயன்படும் நுரைப் பிளாஸ்டிக்குக் கலங்களைக் கோரல் கேபிள்ஸ் என்னும் நகரம் 2016-இல் விலக்கியது. அவ்விலக்கும் செல்லாதென 2019-இல் மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. கடல் மூன்று பக்கமுஞ் சூழ்ந்த அவ்விராஜ்யத்தில், தன் கரையைத் தான் காத்துக்கொள்ள ஊருக்கு உரிமையில்லை. காக்கவேண்டிய இராஜ்யமோ வாளாவிருக்கின்றது.

வைக்கோற்போரிற் படுத்த நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்னவிடாது என்பது நம் முதியோர் வாக்கு. நம் ஆண்டவரும், அறிவின் வாயிலில் தாமும் நுழையாமல், நுழைய வந்தாரையும் தடுத்து நின்ற நியாயசாஸ்திரிகளைக் கடிந்துரைத்தார் அன்றோ? ஆள்பவர் ஒரு கடமையைத் தம்மேல் ஏற்றுக்கொண்டு பிறரை விலக்குதல் முறை. தாமுஞ் செய்யாது, செய்வாரையும் விலக்குதல் முறையன்று. இவ்விரண்டனையும் பிரித்தறியாது, மேலோர் கீழோரைக் கட்டுப்படுத்தும் சட்டமெல்லாம் நன்றென்றலும் தீதென்றலும் பேதைமையாம்.

மற்றொரு செய்தியும் உளது. குப்பையை அள்ளுவார் யார்? அடைபட்ட வடிகாலைத் தோண்டுவார் யார்? குப்பையைப் பிரிக்கும் எந்திரத்தின் உருளைகளிற் பைகள் சுற்றிக்கொள்ள, எந்திரத்தை நிறுத்தி அவற்றை அறுத்தெடுப்பார் யார்? இவையெல்லாம் பெரும்பாலும் ஊராட்சியின் பணிகளே. இவற்றின் செலவும் ஊராரின் வரிப்பணத்தினின்றே போவது. செலவு உன்னுடையது, அதிகாரம் என்னுடையது என்று ஒருவன் மற்றொருவனுக்குக் கூறுவானாயின் அதனை நாம் நீதியென்று ஒப்புவோமா? வண்டியை இழுப்பது ஒரு மாடு, கடிவாளம் பிடிப்பது எங்கோ தொலைவிலுள்ள ஒரு கை என்றால், வண்டி பள்ளத்தில் வீழ்வது வியப்பன்று. ஒரு விதியால் வணிகர் அடையும் இடர்ப்பாட்டைச் சட்டசபையில் எடுத்துரைக்க வன்மையுடைய சங்கங்கள் உள்ளன. வடிகால் தோண்டுவாரின் இடர்ப்பாட்டை எடுத்துரைக்க அவ்வூரின் சபையன்றி வேறு வாய் இல்லை. அவ்வாயையும் அடைத்துவிட்டால் அவர்கள் குரல் எங்கே ஒலிக்கும்?

‘ஊர்கள் தவறு செய்யும்’ என்பார்க்கு என் விடை இது: செய்யும், செய்து திருந்தவும் செய்யும். இராஜ்யமும் தவறு செய்யும். காலிபோர்னியாவின் சட்டம், பலமுறை பயன்படுமென்ற பெயரால் கனமான பிளாஸ்டிக் பைகளை விலைக்கு விற்க இடங்கொடுத்தது. மக்கள் அவற்றையும் ஒருமுறை பயன்படுத்தி எறிந்தனர். அவ்வோட்டையை அடைப்பதற்கு 2024-இல் மற்றொரு சட்டம் வேண்டியதாயிற்று. அது 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வருமாறு விதிக்கப்பட்டது. இராஜ்யம் தவறினால் கோடிக்கணக்கான மக்கள்மேல் அதன் விளைவு படும்; ஓர் ஊர் தவறினால் அவ்வூரோடு நிற்கும். எனவே சிறிய வயலிலே விதைத்துப் பார்த்துப் பின்னர்ப் பெருவயலில் விதைக்கும் உழவனே அறிவுடையான். காலிபோர்னியாவிலும் முதலில் விதைத்தது ஒரு நகரமே. 2007-ஆம் ஆண்டில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரம் பெரிய கடைகளிற் பிளாஸ்டிக் பையை விலக்கியது. பல ஊர்கள் அதனைப் பின்பற்றின. ஏழு ஆண்டுகளுக்குப் பின்னரே இராஜ்யம் அவ்வழியில் வந்தது. ஹவாயி இராஜ்யத்திலோ சட்டசபை சட்டம் எதுவும் இயற்றாமலே, அங்குள்ள வட்டாரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி விதி செய்தமையால், 2015-க்குள் தீவுகள் முழுவதும் அவ்விலக்கு பரவிற்று.

மேலும், கதவை அடைத்தலால் நீர் நின்றுவிடுவதில்லை. வேறு வழி தேடுகின்றது. ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தார் முதலில் எண்ணியது பையை விலக்குதலன்று; பைக்கு ஒரு சிறு கட்டணம் விதித்தலே. பிளாஸ்டிக் பைக்கு ஊர்கள் கட்டணம் விதிக்கலாகாதென்று 2006-இல் இராஜ்யச் சட்டம் தடுத்தது. கட்டணத்தின் வாயில் அடைபட்டமையால் அவர்கள் விலக்கின் வாயிலிற் புகுந்தனர். மினியாபொலிஸ் நகரத்தில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. அந்நகரத்தாரின் விலக்கு 2017 ஜூன் 1-இல் தொடங்குவதற்கிருந்தது. பைகளை ஊர்கள் விலக்கலாகாதென்னும் மினஸோட்டா இராஜ்யச் சட்டம், அதற்கு இரண்டு நாள் முன்னர்க் கையெழுத்தாயிற்று. அச்சட்டம் விலக்கைத் தடுத்ததேயன்றிக் கட்டணத்தைத் தடுத்ததில்லை என்பதைக் கண்ட நகரத்தார், 2020 ஜனவரி முதல் பைக்கு ஐந்து சென்ட் கட்டணம் விதித்தனர். நியூயார்க்கு நகரத்தாரின் ஐந்து சென்ட் கட்டணத்தையோ அவ்விராஜ்யம் 2017-இல் தடுத்தது. தடுத்த அவ்விராஜ்யமே மூன்று ஆண்டு கழித்து, 2020 மார்ச்சு 1 முதல், பிளாஸ்டிக் பையை முற்றும் விலக்கியது. ஊரார் காண்பதை அவர்க்கு மேலோர் சில ஆண்டு பிந்திக் காண்கின்றனர் என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுமோ?

கட்டியவர்களே கட்டை அவிழ்த்தலும் உண்டு. கொலராடோ இராஜ்யம், டெக்ஸாஸைப் போலவே 1993-ஆம் ஆண்டில் இத்தகைய தடுப்பொன்றைச் செய்திருந்தது. 2021-இல் அது தன் கருத்தை மாற்றிக்கொண்டு, இராஜ்யம் முழுவதற்கும் உரிய விதியை இயற்றியதோடு அமையாது, அவ்விதியினுங் கடுமையான விதி வேண்டும் ஊர்கள் 2024 ஜூலை 1 முதல் அதனை இயற்றிக்கொள்ளலாமென்றும் உரிமை தந்தது. இதுவே நான் போற்றும் நெறி. இராஜ்யம் அமைப்பது வீட்டின் தளமாக இருக்கட்டும். எவரும் அதற்குக் கீழே இறங்கலாகாது. அது தலையிலிடிக்கும் கூரையாக வேண்டாம். மேலே கட்ட வலியுடையார் கட்டிக்கொள்ளட்டும்.

ஆயின், வணிகரின் இடர்ப்பாட்டுக்கும் வறியவரின் துன்பத்துக்கும் மருந்து யாது? அவற்றுக்கும் இராஜ்யமே செய்யத்தக்கது உண்டு. எவ்வகைப் பை மீண்டும் பயன்படும் பை, எத்தனை தடிப்புடையது மெல்லிய பை என்று சொல்லிலக்கணத்தை எங்கும் ஒன்றாக வகுத்துவிடலாம். அதனால் வணிகர்க்கு எழும் மயக்கம் பெரிதுந் தீரும். வறியவர்க்குக் கட்டணத்தினின்று விலக்கு அளிக்கலாம். புதுவிதி தொடங்குமுன் போதிய தவணை கொடுக்குமாறு ஊர்களைப் பணிக்கலாம். தண்டத்துக்கு ஓர் உச்சவரம்பு கட்டலாம். ஒரு பைக்காக 2,000 டாலர் தண்டம் என்பது எனக்கும் மிகையாகவே படுகின்றது. இவையெல்லாம் ஊரின் கையைப் பிடித்து நடத்துதல். கையையே வெட்டிவிடுதல் வேறு.

இது பையின் அளவில் நிற்கும் செய்தியாக இருப்பின் நான் இத்துணை எழுதியிரேன். டெக்ஸாஸ் சட்டசபை 2023-ஆம் ஆண்டில் இயற்றிய மற்றொரு சட்டம், விவசாயம், வாணிகம், தொழில், சொத்து முதலிய துறைகளில் இராஜ்யச் சட்டம் எங்கெங்குப் பரவியுள்ளதோ அங்கெல்லாம் நகரங்கள் விதி செய்தலை ஒருங்கே தடுக்க முற்பட்டது. முன்பு ஒரு பைக்குள் ஊரின் உரிமையை இட்டுக் கட்டினர். இப்பொழுதோ துறை துறையாகக் கட்டத் தொடங்கினர். சிறியதில் விட்டுக்கொடுத்த உரிமையைப் பெரியதில் மீட்டல் அரிது.

வேதாகமத்தில் ஒரு நிகழ்ச்சி கூறப்படுகின்றது. மோசே காலை தொடங்கி மாலைவரையில் தானொருவனாகவே மக்களின் வழக்கெல்லாங் கேட்டுக்கொண்டிருந்ததை, அவனுடைய மாமனாகிய எத்திரோ கண்டான். இது நன்றன்று, நீயும் இளைப்பாய், மக்களும் இளைப்பர் என்னுங் கருத்துப்பட அவனுக்குப் புத்தி கூறினான். பெரியனவற்றைத் தன்பால் வைத்துக்கொண்டு, சிறியனவற்றைப் பதின்மர்க்கும் ஐம்பதின்மர்க்கும் நூற்றுவர்க்கும் ஆயிரவர்க்கும் தலைவராயினார்பால் விடுமாறு அவன் உரைத்தான். மோசேயும் அவ்வாறே செய்தான். சீனாய் மலையிற் கடவுளோடு நேரிற் பேசும் பேறு பெறவிருந்த ஒருவனே, சிறிய வழக்குகளைச் சிறிய தலைவர்பால் விடுதல் தனக்கு இழிவென்று எண்ணவில்லை. கடைவீதியில் எந்தப் பை கொடுக்கலாம் என்பதனை ஒரு நகரத்தார்பால் விடுதல் தமக்கு இழிவென்று ஒரு சட்டசபையார் எண்ணுவரேல் அவரை என்னென்பது?

எத்திரோவின் சொல்லில் மற்றொரு நுட்பமும் உளது. அவன் தலைவர்களை ஏற்படுத்தச் சொன்னது மோசேயின் இளைப்பை மட்டும் நினைந்தன்று. மக்களும் மனநிறைவோடு தத்தம் இடத்துக்குத் திரும்பவேண்டும் என்பதனையும் நினைந்தே. தம் தெருவைத் தாம் தூய்மை செய்யத் துணிந்த மக்கள், முயன்றும் முடியாமல் திரும்புவரேல் அவர்கள் பையை மட்டும் இழக்கவில்லை. பொதுப்பணியில் கொண்ட ஊக்கத்தையே இழக்கின்றனர். அடுத்தமுறை வடிகால் அடைபடும்பொழுது, ‘நமக்கென்ன அதிகாரம்?’ என்று கதவைச் சாத்திக்கொள்வர். அவ்விழப்பை எந்தக் கணக்கரும் டாலரில் எழுதிக் காட்ட இயலாது.

லரேடோவின் ஓடைகளைக் காத்தற்குரிய வழியைச் சட்டசபையார் கண்டு சொல்வாராயின் நன்று. அவர் சொல்லும் வழி நகரத்தார் கண்ட வழியினும் சிறந்ததாயின் மிக நன்று. அதுகாறும், வழி கண்டவரை விலக்காதிருத்தலேனும் அவர் செய்யத்தக்கது. பை கொள்கலன் என்று நீதிபதிகள் தெளிவாகக் கூறிவிட்டனர். அக்கொள்கலனுக்குள் ஓர் ஊரின் உரிமையையும் இட்டுக் கட்டி வைக்கலாமா என்னும் வினாவுக்கு விடை கூறவேண்டியவர் இன்னும் வாய் திறந்தாரில்லை.